விடை தெரிந்த பின்

நாம் சிறுவராயிருந்த நாளில், கோடை இரவுகளில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ள, உம்மா ஜின்னுக் கதை சொல்லுவார்கள். பாழுங்கிணற்றில் குடியிருந்த ஜின் ஒன்று, கப்பலேறப் போன பிள்ளை ஒருவனை வழிமறித்து, "உன் வீட்டில் உனக்குத் தெரியாத பொருள் ஒன்று இருக்கிறது, அது என்ன?" என்று கேட்டதாம். அந்தக் கேள்விக்கு விடை தேடி அப்பிள்ளை ஊர் ஊராய் அலைந்த கதை, இரவுக்குக் கொஞ்சமாக நீண்டுகொண்டே போயிற்று. பகலெல்லாம் நாம் அந்த விடையை ஊகித்துத் திரிந்தோம். பள்ளிக்கூடத்திலும், குளத்தங்கரையிலும் அதே பேச்சு. கடைசியில் ஒருநாள் பிள்ளைகள் நால்வரும் கூடி அடம் பிடித்து, உம்மாவைப் படாத பாடு படுத்தி, முடிவைச் சொல்ல வைத்துவிட்டோம்.

விடை நல்ல விடைதான். ஆயினும் மறுநாள் இரவு பாய் விரித்தபோது கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. உம்மா அதே பிள்ளையை வைத்து வேறொரு கதையைத் தொடங்கினார்கள். பாதியிலேயே நாம் உறங்கிவிட்டோம். அதைவிட வியப்பு யாதெனில், அத்தனை நாள் நம் நெஞ்சில் குடியிருந்த அந்தக் கப்பற்காரப் பிள்ளையின் பெயர் ஒரு வாரத்திற்குள் நமக்கு மறந்துபோயிற்று.

ஆயிரத்தொரு இரவுகளின் ஷஹர்ஸாத் இந்த இரகசியத்தை நன்கறிந்தவள். விடியும் வேளையில் கதையை முடிக்காமல் நிறுத்துவதில்தான் அவளுடைய தலை தப்பியது. கதையின் முடிவு கேட்பவனுக்கு மகிழ்ச்சி. சொல்பவளுக்கோ அது வாள்.

இவையெல்லாம் ஏறத்தாழ மறந்துபோய்விட்ட நினைவுகள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை முப்பத்தைந்து ஆண்டுகள் தாமதமாகப் பார்க்க நேர்ந்தபோது அவை மீண்டும் எழுந்து வந்தன. அத்தொடரின் பெயர் 'ட்வின் பீக்ஸ்'. டேவிட் லிஞ்ச் என்ற திரைப்பட இயக்குநரும் மார்க் ஃப்ராஸ்ட் என்ற எழுத்தாளரும் சேர்ந்து படைத்தது. 2025 ஜனவரியில் லிஞ்ச் காலமானார். அதையொட்டி அவருடைய படைப்புக்களைப் பற்றி எங்கும் பேச்சு எழுந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் மூத்த காக்காவின் மகன் விடுமுறையில் வந்தபோது, "சாச்சா, இதைப் பாருங்க. பேய் பிசாசுக் கதைதான், ஆனா அழுதுடுவீங்க" என்று சொல்லி, முழுத் தொடரையும் நம் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். இஷா தொழுகைக்குப் பிறகு இரவுக்கு ஒரு பகுதியாகப் பார்த்தோம். எழுபத்திரண்டு வயதாகும் காக்காவும் சாய்வு நாற்காலியில் வந்து அமர்ந்துகொள்வார்கள். ஆங்கிலப் பேச்சில் பாதி அவர்களுக்குப் புரியாது. நாம் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வார்கள்.

கதை இதுதான். கனடா எல்லையை அடுத்த வாஷிங்டன் மாநிலத்து மலைக்காட்டில் ட்வின் பீக்ஸ் என்று ஒரு கற்பனை ஊர். மரம் அறுக்கும் ஆலை, அருவி, அருவித் தலையில் ஒரு விடுதி. ஒருநாள் காலை ஏரிக்கரையில் ஒரு பெண்ணின் சடலம் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கிடக்கிறது. பள்ளி மாணவி, ஊரே செல்லமாய்க் கொண்டாடிய லாரா பாமர். கொன்றவர் யார் என்று துப்பறிய டேல் கூப்பர் என்ற அதிகாரி வருகிறார். துப்பறியத் துப்பறிய, அந்த ஊரின் காட்டுக்குள் மனிதக் கணக்குக்கு அடங்காத ஏதோ ஒன்று உலவுவதும், அது மனிதருக்குள் புகுந்து ஆட்டிவைப்பதும் தெரியவருகின்றன. நம் பக்கத்து மக்களுக்கு இதைப் பற்றி விளக்கம் தேவையில்லை.

1990 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் இதன் முதற்பகுதி ஒளிபரப்பானது. அன்றிரவு சுமார் 3.5 கோடிப் பேர் பார்த்தார்கள். அதில் ஆகச் சிறந்தது துப்பறிதல் அன்று, துக்கம். தகப்பன் விடுதியில் நின்று தொலைபேசியில் தாயோடு பேசிக்கொண்டிருக்கிறான். மகள் எங்கே என்று தாய் பதறுகிறாள். அப்போது காவல் அதிகாரி வாசலில் வந்து நிற்கிறார். தகப்பன் கையிலிருந்து தொலைபேசி நழுவுகிறது. நழுவித் தொங்கும் தொலைபேசியின் வழியே தாயின் அலறல் மட்டும் கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. செய்தி வாய்விட்டுச் சொல்லப்படும் முன்பே, அந்த நாற்காலியைப் பார்த்துத் தோழி புரிந்துகொள்கிறாள். தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப் போய், முடிக்க மாட்டாமல் விம்முகிறார். கொலைக் கதைகளில் சடலம் என்பது பெரும்பாலும் கதையைத் தொடங்கிவைக்கும் ஒரு பொருள் மட்டுமே. இங்கோ ஒரு மரணம் மரணமாகவே மதிக்கப்பட்டது. காக்கா அன்றிரவு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

இதில் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தகாத காட்சிகளும் உண்டு என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை. அவற்றைத் தாண்டியும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்பதால்தான் இதனை எழுதுகிறோம்.

முதற்பருவம் எட்டே பகுதிகள். 1990 மே மாதம் முடிந்தது. கொலைகாரன் யாரென்று சொல்லப்படவில்லை. இரண்டாம் பருவம் அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று தொடங்கியது, இருபத்திரண்டு பகுதிகள். லிஞ்சுக்கு அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே விருப்பமில்லை. அந்த விடையைப் பின்னே தள்ளிக்கொண்டே போனால், ஊராரின் கதைகள் ஒவ்வொன்றாய் முன்னே வரும் என்பது அவருடைய எண்ணம். தொலைக்காட்சி நிறுவனமோ பொறுமையிழந்து, யார் என்று சொல்லுங்கள் என்று நெருக்கியது. பார்த்தவர்களிலும் பலர் அதையே கேட்டார்கள். மொட்டைமாடியில் உம்மாவை நாம் படுத்திய பாட்டை ஒரு தேசமே சேர்ந்து அவர்களுக்குச் செய்தது எனலாம். பொன் முட்டையிட்ட வாத்தை அறுத்த கதையாயிற்று என்று லிஞ்ச் பிற்காலத்தில் பலமுறை வருந்தினார்.

1990 நவம்பர் 10 அன்று விடை சொல்லப்பட்டது. கொன்றவன் பெற்ற தகப்பன். பாப் என்ற பேயுரு அவனுள் புகுந்து நெடுங்காலமாய் ஆட்டிவந்திருக்கிறது. அந்தப் பேயுருவாக நடித்தவர் நடிகரே அல்லர். ஃப்ராங்க் சில்வா என்ற அவர் படப்பிடிப்பில் அரங்கப் பொருள்களை ஒழுங்கு செய்யும் பணியாளர். தாயின் அலறலைப் படமெடுத்தபோது அவருடைய உருவம் கண்ணாடியில் தற்செயலாய் விழுந்துவிட்டது. அதைப் பிழையென்று தள்ளிவிடாமல், அதையே கதையின் பயங்கரமாக்கிக்கொண்டார் லிஞ்ச். விடை சொல்லும் அந்தப் பகுதியையும் அவரே இயக்கினார். அது மனத்தை நடுங்க வைக்கும் பகுதி என்பதில் ஐயமில்லை. பேய் செய்ததா, பேயின் பேரால் மனிதன் செய்ததா என்பது சில பகுதிகள் கழித்து விவாதிக்கப்படுகிறது. பெற்றவன் செய்தான் என்பதை நம்புவதைவிடப் பேய் செய்தது என்று நம்புவது எளிதல்லவா என்ற கேள்வியும் அங்கே எழுகிறது. நம் ஊர்களில் எத்தனை வீட்டுக் கொடுமைகளுக்கு ஜின்னின் மேல் பழி போட்டிருக்கிறோம் என்று அப்போது நினைத்துக்கொண்டோம்.

விடை தெரிந்த அன்றிரவு, நாற்காலியில் சாய்ந்தபடி காக்கா சொன்னார்கள்: "தம்பி, பாத்துக்க. இனிமே அந்தப் பிள்ளைய எவனும் நெனக்க மாட்டான்."

அவர்கள் சொன்னபடியே நடந்தது. தகப்பன் பிடிபட்டு இறந்துபோகிறான். அடுத்த பகுதி, மூன்று நாள் கழித்து, அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த வீட்டில் தொடங்குகிறது. ஒரு வீட்டில் மகளும் போய், மகளைப் போலவே இருந்த உறவுக்காரப் பெண்ணும் போய், கணவனும் போய், ஒருத்தி தனியாக நிற்கிறாள். ஆனால் அந்தக் கூட்டத்தில் முதியவர் இருவர் ஒரு திருமணத்தை வைத்துச் சண்டையிட, வந்தவர்கள் சிரிக்கிறார்கள். மையித்து வீட்டில் கலகலப்பு! முதற்பகுதியில் ஒரு காலி நாற்காலிக்காக அழுத அதே தொடரா இது என்று நமக்கு நம்ப முடியவில்லை.

பிறகு வந்த பகுதிகள் பலவற்றை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. லாராவை நேசித்த இளைஞன் ஊரை விட்டுப் போய், எங்கோ ஒரு பணக்காரியின் சூழ்ச்சியில் சிக்குகிறான். நடுவயதுப் பெண்ணொருத்தி தன்னைப் பள்ளி மாணவியென்று எண்ணி, அசுர பலத்தோடு மல்யுத்தம் செய்கிறாள். விடுதி முதலாளி பித்துப் பிடித்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்தியப் படையை நடத்திய தளபதி லீ தானே என்று வேடம் கட்டி ஆடுகிறார். ஒரு சிறுவனைச் சைத்தானோ என்று இருவர் சந்தேகித்துத் திரிகிறார்கள். கூப்பருடைய பழைய கூட்டாளி விண்டம் எர்ல் சதுரங்கக் காய் நகர்த்திக் கொலை செய்கிறான். ஏதேதோ நடக்கிறது, எதுவும் ஒட்டவில்லை. உம்மா இரண்டாவதாகத் தொடங்கிய கதையைப் போலவே இருந்தது.

இந்தச் சரிவுக்குக் காரணங்கள் உண்டு. லிஞ்ச் வேறு பணிகளில் ஈடுபட்டிருந்தார். ஃப்ராஸ்டும் தம் சொந்தத் திரைப்பட முயற்சிக்குப் போனார். வீட்டுக்கு உரியவர்கள் வெளியே போக, வந்தவர்கள் சமைத்த சோறாகிவிட்டது. ஒளிபரப்பு நாளும் சனிக்கிழமை இரவுக்கு மாற்றப்பட்டது. வெளியே உலாவப் போகும் இளைஞர்களுக்கு அது தோதான நேரமன்று. இவற்றோடு மற்றொன்றும் சேர்ந்தது. 1991 ஜனவரியில் வளைகுடாப் போர் மூண்டது. போர்ச் செய்திகளுக்காக இத்தொடர் சில வாரங்கள் நிறுத்தப்பட்டது. தொடர்ச்சி அறுந்ததும் பார்ப்பவர் தொகை மேலும் சுருங்கிற்று. பிப்ரவரியில் நிறுவனம் தொடரையே நிறுத்திவைத்தது. பார்வையாளர்கள் கடிதம் எழுதிக் குவித்ததன் பேரில் மார்ச்சில் மீண்டும் தொடங்கி, 1991 ஜூன் 10 அன்று முடித்துவைத்தது.

இதைப் படித்துச் சொன்னபோது காக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "எந்தப் போரு? நம்ம போரா?" என்று கேட்டார்கள்.

ஆம், நம் போர்தான். வாசக நேயர்களில் பல குடும்பங்களுக்கு இது நினைவிருக்கும். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, காக்கா அங்கே ஒரு துணிக்கடையில் வேலையாயிருந்தார்கள். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அங்கே சிக்கிக்கொண்டனர். பாக்தாத் வழியாக ஜோர்தானுக்குப் பேருந்தில் போய், பாலைவனக் கூடாரங்களில் காத்துக் கிடந்து, அம்மானிலிருந்து விமானமேறிப் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். ஏர் இந்தியா ஏறத்தாழ 500 முறை பறந்து அவர்களைக் கொண்டுவந்தது. நம் வீட்டில் ஏழு வாரம் கடிதமில்லை, செய்தியில்லை. உம்மா தொழுகைப் பாயை மடித்ததே இல்லை. செப்டம்பர் இறுதியில் ஒருநாள் அதிகாலை, கையில் ஒரு பையோடு காக்கா வாசலில் வந்து நின்றார்கள்.

ஊரே திரண்டு வந்தது. "எப்படி வந்தீர்கள்? எவ்வளவு போயிற்று? பணமெல்லாம் என்னாயிற்று? வழியில் சுட்டார்களா?" அசரிலிருந்து இஷாவரை வீடு நிறைய ஆட்கள். சளைக்காமல் சொன்னார்கள் காக்கா. சொல்லச் சொல்ல அந்தக் கதை மெருகேறி, ஒரே அளவாக, அரைமணி நேரத்தில் சொல்லி முடிக்கும்படி அமைந்துவிட்டது. ஒரு மாதம் போயிற்று. விடை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தோம். ஜனவரியில் போர் மூண்டபோது, காக்கா தனியே வானொலிப் பெட்டியருகே குனிந்து தமிழோசைக்குக் காத்திருந்தது நம் கண்முன் இருக்கிறது. எந்த வாரங்களில் அமெரிக்க வீடுகளில் லாராவின் கதை நின்றுபோயிற்றோ, அந்த வாரங்களில்தான் நம் வீட்டில் காக்காவின் கதையும் நின்றுபோயிருந்தது. பிற்காலத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் நட்டஈடு வந்தபோது, 'தொகை எவ்வளவு?' என்று மட்டும் மறுபடி ஊர் கேட்டது. வந்த வழியைப் பற்றி இரண்டாம் முறை கேட்டவர் ஒருவருமில்லை. ஒரே கூரையின் கீழிருந்த நாமும் கேட்கவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஒரு தொலைக்காட்சித் தொடரின் தோற்றுப்போன இரண்டாம் பருவத்தின் நடுவே, பெட்டியை அணைத்துவிட்டு நாம் கேட்டோம்: "காக்கா, அப்ப நீங்க சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா?"

நெடுநேரம் கழித்துச் சொன்னார்கள். பாக்தாதிலிருந்து எல்லைக்கு வந்த பேருந்தில் பக்கத்து இருக்கையில் மிஸ்ர் நாட்டுப் பெரியவர் ஒருவர் இருந்தாராம். இரண்டு நாள் தம் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தாராம். எல்லையில் வெயிலில் வரிசையில் நின்றபோது அவர் தள்ளாடிச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். காக்கா தண்ணீர் தேடிப் போகத் திரும்பிய நேரத்தில், இந்தியர்களை வண்டியில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதை விட்டால் அடுத்த வண்டி என்றைக்கோ?

"ஏறிட்டேன் தம்பி. திரும்பிப் பாத்தேன், அவர் கைய அசைச்சார். போன்னு சொன்னாரா, வான்னு கூப்பிட்டாரான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. பேரு கூடக் கேக்கல."

இந்தக் கேள்வியை முப்பத்தைந்து ஆண்டுகள் ஒருவர் தனியே சுமந்திருக்கிறார். நாம் அவர்களுக்கு ஆறுதல் ஏதும் சொல்லவில்லை, சொல்லத் தெரியவுமில்லை. வண்டி என்ன நிறம், பெரியவர் தலைப்பாகை கட்டியிருந்தாரா, ரொட்டி எப்படியிருந்தது என்று சின்னச் சின்னதாய்க் கேட்டுக்கொண்டிருந்தோம். காக்கா ஒவ்வொன்றாய் நினைவுகூர்ந்து சொன்னார்கள். அன்று நாம் இருவரும் உறங்கப் போக நள்ளிரவு தாண்டிவிட்டது.

தொடரை விடாமல் பார்த்து முடித்தோம். கடைசிப் பகுதிக்கு லிஞ்ச் திரும்பிவந்து, எழுதிவைத்திருந்ததில் பெரும்பங்கை ஒதுக்கிவிட்டுத் தம் போக்கில் எடுத்தார். செந்திரைகள் தொங்கும் அந்த மாய அறைக்குள் கூப்பர் நுழைகிறார். அங்கே லாரா மறுபடி தோன்றி, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பார்ப்போம் என்கிறாள். முடிவில் அறையை விட்டு வெளியே வருவது கூப்பர் அல்லர். அவருடைய உருவில் அந்தப் பேயுரு. விடைகளால் வாடிப்போன தொடருக்குப் புதிய கேள்வி ஒன்றைப் போட்டுப் போனார் லிஞ்ச். 1992-இல், லாரா உயிரோடிருந்த கடைசி ஏழு நாட்களைப் பற்றித் தனியே ஒரு திரைப்படம் எடுத்தார். அன்று அதை வரவேற்றவர் சிலரே. யார் கொன்றார் என்பது தெரிந்துபோன கதைக்கு எதற்கு ஒரு படம் என்று கேட்டார்கள். அவர் சொல்ல வந்ததோ, அந்தப் பெண் யார், என்ன பாடுபட்டாள் என்பது. சொன்ன கெடு சற்றே பிந்தி, 2017-இல் பதினெட்டுப் பகுதிகளாகத் தொடரும் திரும்பி வந்தது. பதினெட்டையும் அவரே இயக்கினார். பிணமாக நடிப்பதற்கென்று முதலில் அமர்த்தப்பட்ட ஷெரில் லீ என்ற நடிகைதான் இறுதிவரை லாராவாக வந்தார்.

இரண்டாம் பருவம் தோற்றதற்கு அமெரிக்கர்கள் பல காரணங்கள் எழுதியிருக்கிறார்கள். நேரம், நிறுவனம், போர் யாவும் உண்மையே. விடை சொன்னதுதான் குற்றம் என்று நாம் கருதவில்லை. கேட்டவர்க்கு விடை சொல்லத்தான் வேண்டும். "யார் செய்தார்?" என்று கேட்ட ஊர், விடை கிடைத்ததும் "அவள் எப்படியிருந்தாள்?" என்று கேட்க மறந்ததே பிழை. அந்தத் தொடரை எழுதியவர்களும் கொஞ்சநாள் அந்த ஊரோடு சேர்ந்து மறந்துபோனார்கள். அவர்களைக் குறை கூறும் தகுதி நமக்கு அதிகமில்லை. நம் வீட்டிலேயே அது நடந்திருக்கிறது.

இப்போதும் இஷாவுக்குப் பிறகு காக்கா அதே நாற்காலியில் வந்து அமர்கிறார்கள். தொடர் முடிந்து பல மாதமாயிற்று; பெட்டியைப் போடுவதில்லை. பேருந்தில் ஏறியது முதல் தொடங்கி, இரவுக்குக் கொஞ்சமாகச் சொல்லி வருகிறார்கள். நேற்றுத்தான் வண்டி பாக்தாதைத் தாண்டியிருக்கிறது.